நிரந்தர வேலையும் ஆறு மாதக் கணக்கும்

யாழ்ப்பாணத்துப் படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்தைத் தவிர வேறெதையும் வேலையாக மதிப்பதில்லை, கிடைக்கிற வேலையைச் செய்ய மனமில்லாமல் வீட்டில் இருந்து வயதைப் போக்குகிறார்கள் என்ற பேச்சைக் கலியாண வீட்டிலும் கேட்கிறோம், செத்த வீட்டிலும் கேட்கிறோம், கனடாவில் இருந்து வருகிற தொலைபேசி அழைப்பிலும் கேட்கிறோம். பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்தும், வயது நாற்பதை நெருங்கியும், நிரந்தர வேலையொன்று அமையாத ஒருத்தி என்ற முறையில் இதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பதிவு நீளமானது, நேரம் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்களில் பெரும்பாலானோர் சும்மா இருப்பவர்கள் அல்லர். தனியார் கல்வி நிலையங்களில் மணித்தியாலக் கணக்கில் படிப்பிக்கிறோம். கடைகளில் கணக்கு எழுதுகிறோம். தொண்டு நிறுவனங்களின் திட்டங்களில் கள உத்தியோகத்தர்களாகச் சேர்ந்து, திட்டத்துக்கு வந்த காசு முடிந்ததும் வீட்டுக்கு வருகிறோம். லீசிங் கொம்பனிகளுக்காகத் தவணைப் பணம் கேட்டு வெயிலில் படலை படலையாக ஏறி இறங்குகிறோம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டில், குறித்த வாரத்தில் கூலிக்கோ இலாபத்துக்கோ ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழில் உள்ளவராகவே கணிக்கப்படுகிறார். ஆகவே சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம் தமிழ் படிப்பித்துவிட்டு வருகிற நான், அரசாங்கத்தின் கணக்கில் தொழில் உள்ளவள். வீட்டுக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

நகரத்தில் உள்ள ஒரு வியாபார நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை செய்த காலத்தைச் சொன்னால் விடயம் விளங்கும். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை; அதே மாதிரி இன்னும் பல இருக்கின்றன. சேரும்போது நியமனக் கடிதம் தரப்படவில்லை. "நாளைக்கு எட்டரைக்கு வாங்கோ, பிள்ளை" என்ற வாய்ச்சொல்தான் நியமனம். மாத முடிவில் முதலாளியின் மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி விரிக்கப்படும். பெயருக்கு நேரே தொகை பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்; நாங்கள் பேனையால் கையெழுத்து வைக்க வேண்டும். சம்பளச் சிட்டை கிடையாது, பிடித்த காசுக்குக் கணக்கும் கிடையாது. ஆறாவது மாதம் நெருங்கியபோது, இரண்டு கிழமை வீட்டில் நின்றுவிட்டுப் பிறகு வரும்படி சொன்னார்கள். திரும்பிப் போனபோது நான் புதிதாகச் சேர்ந்தவளாகக் கணிக்கப்பட்டேன். சம்பளமும் முதல் மாதத்துச் சம்பளத்துக்கே போயிற்று. அங்கே எனக்கு முன்னர் இருந்த அக்கா ஒருவர் இதை "லீவு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் அப்படி எத்தனையோ லீவு எடுத்தவர்.

ஆறு மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னர் தேடிப் படித்தேன். இலங்கையில் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களைப் பணியிலிருந்து நீக்குவதைக் கட்டுப்படுத்துகிறது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்கிற இடத்தில், ஒருவர் 12 மாத காலத்துக்குள் 180 நாட்கள் சேவை செய்திருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறெந்தக் காரணத்துக்காகவும், அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் அவரை நிறுத்த முடியாது. அந்த 180 நாளைத் தொடவிடாமல் தடுப்பதற்குத்தான் இந்த இரண்டு கிழமை லீவு. ஆனால் சட்டத்தை ஊன்றி வாசித்தால், அந்த நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று அது கேட்கவே இல்லை. விட்டுவிட்டுச் செய்திருந்தாலும் 12 மாதத்துக்குள் 180 நாட்கள் சேர்ந்தால் போதும். அதாவது முதலாளி எங்களை வீட்டுக்கு அனுப்புகிற தந்திரத்துக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. அந்தத் தந்திரம் பலிப்பதற்கு ஒரே காரணம், நாங்கள் வேலை செய்ததற்கு எங்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் இருப்பதுதான்.

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இல் வந்தது. நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்ற கடமை அதன் கீழேயே இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) பற்றிய சட்டம் 1958 இல் வந்தது. அதன்படி ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் நிதிக்குக் கட்டப்பட வேண்டும். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் கட்ட வேண்டும். தற்காலிகம், ஒப்பந்தம், நாட்கூலி என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு. இவ்வளவும் எழுத்தில் இருக்கிற ஒரு நாட்டில்தான், "மூன்று வருசம் நிண்டு பிடியுங்கோ, பிறகு ஈ.பி.எஃப். பாப்பம்" என்று ஒரு முதலாளி பெருந்தன்மையோடு சொல்கிறார்.

இதன் விளைவை நேர்முகத் தேர்வில் அனுபவிக்கிறோம். கோவையைப் புரட்டுகிற உத்தியோகத்தர், பட்டச் சான்றிதழுக்கும் இன்றைய திகதிக்கும் இடையில் உள்ள ஆண்டுகளைக் காட்டி, இந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். செய்தவற்றைச் சொன்னால் ஆதாரம் கேட்பார். நியமனக் கடிதமும் இல்லை, சம்பளச் சிட்டையும் இல்லை, சேமலாப நிதி இலக்கமும் இல்லை. சேவைச் சான்றிதழ் கேட்டுப் பழைய இடத்துக்குப் போனால், கடிதம் கொடுத்தால் நாளைக்கு அதையே வழக்காகக் கொண்டுவருவீர்களோ என்ற பயத்தில் கை விரிப்பார்கள். இத்தனை ஆண்டு உழைப்பும் அந்த மேசையில் ஒரு வெற்றிடமாகத்தான் தெரிகிறது. தனியார் துறையில் இளையவர் ஒருவரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுக்கலாம் என்பதால் எங்களுக்கு வயது கூடிவிட்டது. அரசாங்கத் துறையிலோ வயதெல்லை தாண்டிவிட்டது. பல ஆட்சேர்ப்புகளில் 35 வயது என்ற கோடு எங்கள் கழுத்தில் தொங்குகிற கயிறு. நாங்கள் பிறந்த திகதியை வர்த்தமானி அறிவித்தலின் முடிவுத் திகதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதைப் போலப் பழக்கமாகிவிட்டது.

இந்தப் பழியை முதலாளிகளின் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. அரசாங்கமே எங்களுக்கு ஒரு விபரீதப் பாடத்தைக் கற்பித்தது. 2020 இல் 60,000 பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாகச் சேர்ப்பதாக அறிவிக்கப்பட்டபோது, ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்தவர்கள் தொழில் உள்ளவர்களாகக் கருதப்பட்டு முதற்பட்டியலில் விடுபட்டார்கள். ஏதோ ஒரு கடையில் சில மாதம் நின்றவரும், எப்போதோ விட்டுவிட்டு வந்த வேலையின் இலக்கம் மட்டும் மிஞ்சியிருந்தவரும் மேன்முறையீட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. சட்டப்படி உழைத்தவருக்குத் தண்டனை, களவாக உழைத்தவருக்கு நியமனம். அந்த ஆண்டுக்குப் பிறகு, "எனக்கு ஈ.பி.எஃப். கட்ட வேண்டாம், சேர், கவுன்மென்ட் வேலை வரேக்கை பிரச்சினையாகும்" என்று பிள்ளைகளே கேட்டுக்கொள்வதை நான் காதால் கேட்டிருக்கிறேன். முதலாளிக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி.

அரசாங்க உத்தியோகத்தின் மீதுள்ள ஆசையைப் பவுசு என்று சுருக்கிவிடுகிறவர்கள், இந்த ஊரில் வேறு என்ன நிரந்தரமாக இருந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கி, நான்கு தசாப்தம் ஓடி, 1990 இல் போரோடு நின்றது. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று கச்சேரி என்கிற மாவட்டச் செயலக வாசலில் நிற்கிறார்கள். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரோடு போயிற்று. போர் முடிந்த பிறகு இங்கே வந்தவற்றில் பெரும்பகுதி வங்கிக் கிளைகளும் நிதி நிறுவனங்களும் பல்பொருள் அங்காடிகளும்தான். ஊரில் உள்ள காசை வெளியே எடுத்துப் போவதற்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள். 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் வீதியோரக் கொட்டகைகளில் போராட்டத்தில் இருந்தார்கள். 2022 இல் நாடு வங்குரோத்தானபோது அரசாங்க ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. இடையில் அரசாங்க உத்தியோகத்தர்கள் ஓய்வு பெறும் வயதை 65 ஆக உயர்த்தினார்கள். ஓராண்டு ஆவதற்குள் 60 ஆகக் குறைத்தார்கள். வெற்றிடம் வரும், வராது என்று நாங்களும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கினோம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 30,000 பேரை அரசாங்க சேவைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். நாடு முழுவதுக்குமான அந்த எண்ணிக்கையில் இந்த மாவட்டத்தின் கலைப்பட்டதாரிகளுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்க விரல்கள் போதும் என்றே நினைக்கிறேன்.

நிரந்தரம் என்பது இங்கே மனத்திருப்திக்குரிய விடயமும் அல்ல. வங்கியில் கடன் கேட்டால் நிரந்தர உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்பார்கள். நிரந்தர உத்தியோகம் உள்ளவர் ஒருவர் ஊரில் எத்தனை பேருக்குப் பிணை நிற்பது? வேலை இழந்தவருக்கு உதவித்தொகை தருகிற காப்புறுதித் திட்டம் இலங்கையில் இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது சாதகம் என்றால், இரண்டாவதாகக் கேட்பது "நிரந்தரமோ?" என்பதுதான். என் தம்பியைப் பற்றி அப்படிக் கேட்டபோது அம்மா சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

முதலாளிகளின் பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. பழக்கி எடுத்த பிள்ளை ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிடுகிறான், அவனை நம்பி எப்படி நிரந்தரமாக்குவது என்று கேட்கிறார்கள். சின்னக் கடைக்காரருக்குச் சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதியத்துக்குமாக 15 வீதம் மேலதிகச் செலவு பாரம்தான் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் விமானம் ஏறுகிறான் என்ற கேள்விக்கான விடை அவர்களுடைய சீ.ஆர். கொப்பிக்குள்ளேயே இருக்கிறது. தனியார் துறைக்கான தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அதையே பென்சிலால் எழுதிக் குறைக்கிற இடத்தில் ஒருவன் எதை நம்பி நிற்பான்? கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம் செய்கிற செலவில் ஐந்தாறு பேரின் சேமலாப நிதியை ஒழுங்காகக் கட்டலாம் என்பது என் கணிப்பு. உபயகாரர்கள் கோபிக்க வேண்டாம்.

இத்தனை காலமும் நிரந்தரத்தை அரசாங்கத்திடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். பதாகை பிடித்தது கச்சேரிக்கு முன்னால், ஆளுநர் செயலகத்துக்கு முன்னால். எங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு அனுப்பிய கடைகளின் முன்னால் ஒருவரும் நின்றதில்லை. நின்றால் அடுத்த கடையும் வேலை தராது என்ற பயம். அந்தப் பயம் பொய்யானது அல்ல. ஆகவே தனியொருவர் கேட்பதைவிட, தொழில் திணைக்களத்தின் உத்தியோகத்தர்கள் தாமாகவே நகரத்துக் கடைகளின் சம்பளப் பதிவேடுகளைப் பார்க்க இறங்குவதுதான் பயன் தரும். பிந்திக் கட்டுகிற சேமலாப நிதிக்கு 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மிகைக்கட்டணம் அறவிடுகிற அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. அதைச் சில இடங்களில் பயன்படுத்தினாலே, பக்கத்துக் கடைக்காரர்கள் பேனையை எடுப்பார்கள்.

வேலை வாய்ப்பு விளம்பரங்களை வெளியிடுகிற எங்களுடைய பத்திரிகைகளிடமும் ஒன்று கேட்கலாம். "கவர்ச்சியான சம்பளம்" என்ற வரியை நீக்கிவிட்டு, சம்பளத் தொகை எவ்வளவு, நியமனக் கடிதம் உண்டா, சேமலாப நிதி உண்டா என்ற மூன்றையும் விளம்பரத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது, தனியார் துறையில் சேமலாப நிதியோடு செய்த சேவையை ஆட்சேர்ப்பில் தகைமைக் குறைவாக அல்லாமல் அனுபவமாகக் கணித்து, அவ்வாறு உழைத்த ஆண்டுகளுக்கு ஈடாக வயதெல்லையிலும் தளர்வு தர வேண்டும் என்பதே. அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால், ஈ.பி.எஃப். வேண்டாம் என்று கெஞ்சிய அதே பிள்ளைகள் அடுத்த நாளே முதலாளியிடம் இலக்கம் கேட்டுப் போவார்கள்.