கலெக்டர் நல்லவராக இருந்தால்தான் ஜனநாயகமா?

ஒரு திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒரு கலெக்டர் ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் மஞ்சள் பையோடு வயதானவர்கள் வருவார்கள். கேட்டில் போலீஸ்காரர்கள் அந்தப் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டில் இருந்தால் மூடியைக் கழற்றி மோந்து பார்ப்பார்கள், மண்ணெண்ணெயோ என்று. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்ததற்குப் பிறகு இந்தச் சோதனை பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

அந்தக் காட்சியை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு ஒரே கேள்விதான். எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர், ஊராட்சித் தலைவர் என்று ஓட்டுப் போட்டு இத்தனை பேரை அனுப்பியிருக்கிறோம். அப்புறமும் ஏன் கடைசி நம்பிக்கையாக, நாம் தேர்ந்தெடுக்காத ஒருவர் முன்னால் போய் மனுவோடு நிற்கிறோம்?

கல்லூரியில் அரசியல் அறிவியல் பாடம் எடுக்கிறவன் நான். அரசு என்றால் என்ன, அதிகாரம் என்றால் என்ன என்று ஹாப்ஸ், லாக், மாண்டெஸ்கியூ என்ற ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் வழியாகத்தான் வருஷா வருஷம் ஆரம்பிக்கிறோம். நல்ல பாடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் காலனியாக இருந்த ஒரு நாட்டில் அரசு எப்படி உருவானது, அதற்குள் ஜனநாயகம் எப்படி நுழைந்தது, எந்த இடத்தில் நுழைய முடியாமல் நிற்கிறது என்று படிக்க வேண்டுமானால் தாலுகா ஆபீசிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

'கலெக்டர்' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். வசூல் செய்கிறவர் என்று பொருள். 1772-ல் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் உண்டான பதவி. நிலவரி வசூலிப்பதுதான் வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு நாம் அதைத் தமிழில் 'மாவட்ட ஆட்சித் தலைவர்' என்று ஆக்கினோம். வசூலிப்பவர் ஆள்பவராக ஆனார். மக்களுக்கு வேலை செய்கிறவர் என்ற பொருள் இந்த இரண்டு பெயரிலும் இல்லை.

சென்னை மாகாணத்தில் அந்த வசூல் எப்படி நடந்தது என்பதற்கு வெள்ளைக்கார அரசே நியமித்த சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855-ஆம் ஆண்டு அறிக்கை இருக்கிறது. கிஸ்தி, அதாவது நிலவரித் தவணை, கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கிட்டி என்ற இடுக்கியில் வைத்து நெரித்தார்கள். கழுத்தையும் காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி, குனிந்தபடி வெயிலில் நிறுத்தினார்கள். அதற்கு 'அண்ணாந்தாள்' என்று பெயர். செய்தவர்கள் நம் ஊர்த் தாசில்தாரின் சேவகர்கள். அவர்களால் இதை எப்படிச் செய்ய முடிந்தது? 1816-லிருந்து வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் தாசில்தார் என்ற ஒரே ஆளின் கையில் இருந்தன. வரி கேட்கிறவனும் அடிக்கிறவனும் ஒருவனே. அடித்தால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அவனிடம்தான். அந்த அறிக்கை வெளிவந்து நாலு வருஷத்தில், 1859-ல், சென்னை மாகாணத்தில் போலீசைத் தனித் துறையாகப் பிரித்துச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

1947-ல் கொடி மாறியது. கட்டடமும் மேசையும் கோப்பும் மாறவில்லை. நம் அரசியலமைப்பில் 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து ஏராளமான பகுதிகள் வந்திருக்கின்றன. மாநில அரசைக் கலைக்கும் 356-வது பிரிவுக்கு அந்தச் சட்டத்தின் 93-வது பிரிவுதான் மூத்த அண்ணன். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு அரசைக் கலைக்கப் பயன்பட்டது அந்த 356-தான். 144 தடையுத்தரவும் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. 2024 ஜூலையில் புதிய சட்டங்கள் வந்தபோது 144 என்ற எண் 163 ஆனது, அதிகாரம் அப்படியே இருக்கிறது. சுதந்திர நாடாகி மூன்று வருஷத்துக்குள், 1950-லேயே, விசாரணை இல்லாமல் ஆளை உள்ளே வைக்கத் தடுப்புக் காவல் சட்டம் போட்டுவிட்டோம்.

இதெல்லாம் தெரிந்த கதைதானே என்பீர்கள். சரி. தெரியாத பாதி, அல்லது தெரிந்தும் பேசாத பாதி, இதற்குப் பிறகுதான் வருகிறது.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, இந்திய மண்ணில் ஜனநாயகம் மேலே தூவிய உரம்தான், மண் அடிப்படையில் ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது என்றார். வயல் வேலை தெரிந்தவர்களுக்கு மேலுரம் என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். மண்ணில் சத்து இல்லாமல் மேலுரம் மட்டும் போட்டால் பயிர் நாலு நாள் பச்சையாக நிற்கும், அப்புறம் வெளுத்துவிடும். கிராமம் என்றதும் எல்லோரும் உருகிக்கொண்டிருந்த நேரத்தில், கிராமம் அறியாமையின், குறுகிய மனத்தின், வகுப்புவாதத்தின் குகை என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இருந்தது. இந்தியாவில் அரசு அதிகாரத்தைப் படிக்கிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். அரசின் கை நீண்டால் ஜனநாயகம் குறையும், சுருங்கினால் வளரும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்தக் கணக்கு உதைக்கிறது. அரசு ஒதுங்கிக்கொண்ட இடத்தில் மக்கள் வந்து உட்காரவில்லை, சாதி வந்து உட்கார்ந்தது.

மேலவளவை நினைத்துப் பாருங்கள். மதுரை மாவட்டம், மேலூர் பக்கம். ஊராட்சித் தேர்தலையும் அதில் இடஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கிய அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993-ல் வந்து, 1996-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அந்த ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மனுத் தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டு வாபஸ் வாங்கினார்கள். அடுத்த தேர்தலில் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் முருகேசன் வென்றார். ஊராட்சி அலுவலகத்துக்குள் அவரால் நிம்மதியாக நுழைய முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீட்டைப் பற்றிக் கேட்க மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள்.

மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் அவர். அவரும் மனுவோடுதான் போயிருந்தார். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இந்த நாலு ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்து வருஷம் தேர்தல் அறிவிப்பு வரும், யாரும் மனுப் போட மாட்டார்கள். போட்டு ஜெயித்தவர்கள் உடனே ராஜினாமா செய்வார்கள், ஊரில் இருக்க வேண்டுமே! அந்தப் பத்து வருஷமும் இதே போலீஸ், இதே வருவாய்த் துறை, இதே 144 எல்லாம் இருந்தன. ஒரு ஊர்வலத்தைத் தடுக்க நினைத்தால் அரை மணி நேரத்தில் வண்டி வண்டியாகப் போலீசை இறக்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு தலித் நாற்காலியில் உட்காரப் பாதுகாப்பு கொடுக்கத் தெரியவில்லை. காலனி அரசின் அசல் குணம் இதுதான் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலும் இப்படித்தான். வரிக்காகவும் கலவரத்துக்காகவும் ஊருக்குள் வந்தான், மற்ற நாளில் ஊரை ஊர்ப் பெரியவர்கள் கையில் விட்டுவிட்டான். நைஜீரியாவில் பிரிட்டிஷ் ஆளுநர் லுகார்ட் அமைத்த ஆட்சியும் உள்ளூர்த் தலைவர்களின் தோளில்தான் நின்றது. செலவு குறைவு, தொல்லை இல்லை.

2006 அக்டோபரில் அந்த நாலு ஊரிலும் தேர்தல் நடந்தது. மதுரைக் கலெக்டர் உதயச்சந்திரன் பலமுறை ஊருக்குள் போய்ப் பேசினார். புதிதாக வந்திருந்த அரசும் இதை நடத்தியே தீர்வது என்று நின்றது. நடந்தது. அந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம், செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன். அந்த மகிழ்ச்சியை இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் பத்து வருஷம் நடக்காதது ஒரு கலெக்டர் மனது வைத்தபோது நடந்தது என்றால், மனது வைக்காத பத்து வருஷத்துக்கு யார் பொறுப்பு? அதைக் கேட்டு ஒருவர்கூடப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நல்ல கலெக்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. நேர்மையான அதிகாரி மாற்றலாகிப் போகும்போது ஊரே அழுகிறது, வீடியோ பரவுகிறது. அந்தக் கண்ணீர் உண்மையானது. அதே சமயம், அவர் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அழுகிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

இதற்கு மாறாக, யாருடைய நல்ல மனதையும் நம்பாமல் நடந்த ஒரு மாற்றம் இருக்கிறது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஊர்க்கணக்கு எழுதும் கர்ணம் (கணக்குப்பிள்ளை), வரி வசூலிக்கும் மணியக்காரர் போன்ற பழைய கிராம அதிகாரி பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களிடம் இருந்த பதவிகள் அவை. எங்கள் தாத்தா அடங்கல் என்ற நிலப்பதிவேட்டின் நகல் கேட்டு கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனால் திண்ணைக்குக் கீழே, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பாராம். யார் நிலம் யாருடையது என்று அந்த வீட்டு நோட்டுதான் சொல்லும். அதன் இடத்தில் வி.ஏ.ஓ. என்ற கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வு எழுதி, இடஒதுக்கீட்டோடு, எந்தச் சாதியிலிருந்தும் வரலாம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது, 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. வி.ஏ.ஓ. ஆபீசிலும் லஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பிறப்பால் ஒருவர் கையில் இருந்த ஊர்க்கணக்கு, தேர்வு எழுதி வந்தவர் கைக்கு மாறியது. தமிழ்நாட்டில் நடந்த பெரிய ஜனநாயக மாற்றங்களில் இது ஒன்று. இதற்கு ஆண்டு விழா இல்லை, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை.

அரசு தன் பலத்தை யார் பக்கம் நின்று காட்டுகிறது என்பதைத்தான் நாம் படிக்க வேண்டும் என்கிறேன். பலமான அரசா, பலவீனமான அரசா என்ற கேள்வி நம்மை எங்கும் கொண்டு போகாது.

சட்டத்தையே பாருங்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவருக்கு நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டு நீக்கும் நடவடிக்கையைக் கலெக்டரே தொடங்கலாம். அந்தச் சட்டத்தில் அவருக்குப் பெயர் 'ஆய்வாளர்'. கலெக்டரைக் கேள்வி கேட்க ஊராட்சித் தலைவருக்கு எந்தப் பிரிவும் இல்லை. உள்ளாட்சியின் ஆயுள் ஐந்து வருஷம், அது முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. 2016-ல் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது, மிச்சம் 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆகிவிட்டது. 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்படாத தனி அலுவலர்கள் வந்தார்கள். சட்டமன்றத்துக்கு இப்படி ஒரு நாள் தள்ளிப் போனால் நாடே கொதிக்கும். ஊராட்சிக்கு என்றால் யாருக்கும் உறுத்துவதில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் நிலைமை.

ஊராட்சிக்கு அதிகாரம் கொடுத்தால் அது ஆதிக்க சாதியின் கைக்குத்தானே போகும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான பயம், அம்பேத்கரின் பயமும் அதுதான். அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறேன். தலித் தலைவரின், பெண் தலைவரின் நாற்காலிக்கு அரசு காவல் நிற்கட்டும். அந்த நாற்காலிக்கு உண்மையான அதிகாரமும் வரட்டும். காவல் மட்டும் கொடுத்தால் அது கலெக்டரின் தயவாகவே இருக்கும். அதிகாரம் மட்டும் கொடுத்தால் மேலவளவுதான் திரும்ப நடக்கும்.

சில வருஷம் முன்னால் ஒரு அக்டோபர் 2 அன்று மாணவர்களை ஒரு கிராம சபைக்கு அழைத்துப் போனேன். தலைவர் ஒரு பெண். அவருடைய நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார், தலைவர் பக்கத்தில் நின்றார். பேச்சு தொடங்குவதற்கு முன்பே தீர்மானப் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்துவிட்டது. தலித் குடியிருப்பான காலனித் தெருவிலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் எழுந்து, சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு, பாடையைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை என்று பத்து நிமிஷம் பேசினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் என் மாணவி ஒருத்தி ஊராட்சிச் செயலரிடம் போய்த் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். "அதெல்லாம் ஆபீஸ் ரெக்கார்டும்மா" என்று பீரோவைப் பூட்டிவிட்டார். அவள் விடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். ஒன்றரை மாசம் கழித்து ஜெராக்ஸ் வந்தது. அதில் டெங்கு ஒழிப்பு இருந்தது, குடிநீர்ச் சிக்கனம் இருந்தது. சுடுகாட்டுப் பாதை இல்லை.

ஜனவரி 26 கிராம சபைக்கு அந்தத் தாள்களோடு மறுபடியும் போனோம். அவள் எழுந்து முழுவதையும் சத்தமாகப் படித்தாள். கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா எழுந்து கேட்டார்: "அப்போ அன்னைக்கு நான் பேசுனது எங்கம்மா போச்சு?"

செயலர் பேனாவை எடுத்தார். அந்த அம்மா மேசைப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரி எழுதியதும் மாணவியைப் படித்துக் காட்டச் சொன்னார். எழுதி முடித்து, கைநாட்டு வைத்து, விரலில் ஒட்டிய மையைச் சேலையில் துடைத்த பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தார்.