டியூனிங் பாதியில் நின்றால் ஈசிஎம் போய்விட்டது என்று அர்த்தமில்லை

டீசல் பிக்கப்பில் டியூனிங் (எஞ்சின் ஓடும் விதத்தை மாற்றும் மென்பொருள்) ஏற்றும்போது பாதியில் நின்றுவிட்டால் ஈசிஎம், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, அவ்வளவுதான், புதிது வாங்கியே ஆகவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லைங்க. அழித்து எழுதப்படுவது டியூனிங் இருக்கும் பகுதி. பூட்லோடர் என்ற சின்ன நிரல் பொதுவாகத் தனியாகப் பத்திரமாக இருக்கும். அது இருக்கும்வரை மறுபடி எழுதலாம். பாதி எழுதிய நிலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதது இயல்புதான், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நீங்களே சோதிக்கலாம். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், ஓபிடி சாக்கெட்டின் (வண்டியில் சோதனைக் கருவியைச் செருகும் இடம்) 16-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. அமெரிக்க டீசல் பிக்கப்புகள் பலவற்றில் 2 பேட்டரி இணையாக இருக்கும். ஒன்று கெட்டால் மற்றதையும் இழுத்துவிடும், அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கழற்றிப் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏற்றி, அப்புறம் டியூனிங் கருவியின் மீட்பு வசதியில் ஒருமுறை முயலுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால், ஈசிஎம்மைக் கழற்றி மேசையில் வைத்து எழுதித் தருபவரிடம் காட்டுங்கள். தயவுசெய்து அதற்கு முன்னால் புதிதுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.