கல்வி கைமாறியபோது தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை

நீட் விலக்கு மசோதாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஆளுநர், குடியரசுத் தலைவர் என்று ஆட்களைச் சுற்றியே பேசி முடித்துவிடுகிறோம். நம் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கும் சட்டம் ஏன் டெல்லி வரை போய்க் கைகட்டி நிற்க வேண்டும்? அதைக் கேட்டால் 1976க்குப் போக வேண்டியிருக்கும்.

1950இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது கல்வி, மாநிலங்கள் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அப்போதே ஒன்றியத்திடம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. 1976இல் நெருக்கடி நிலையில் கொண்டுவந்த 42ஆவது அரசமைப்புத் திருத்தம், கல்வி, காடு உட்பட ஐந்து பொருள்களை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் சேர்த்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். நிறைவேற்றிய மக்களவையோ ஐந்தாண்டு முடிந்தும் ஆயுளை நீட்டித்துக்கொண்ட அவை. பாதி மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. ஆனால் தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜனவரி 31ஆம் தேதியே ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். வேண்டும், வேண்டாம் என்று சொல்ல நமக்கு ஒரு சட்டமன்றமே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

பொதுப்பட்டியலில் இருவரும் சட்டம் இயற்றலாம். ஆனால் முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டமே செல்லும் என்கிறது அரசமைப்பின் 254ஆவது பிரிவு. தப்பிக்க ஒரே வழி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அது கிடைத்த பிறகும் நாடாளுமன்றம் நினைத்தால் அந்தச் சட்டத்தை மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ஒழித்த நம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2007இல் ஒப்புதல் கிடைத்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை நடந்தது. 2016இல் நாடாளுமன்றம் நீட்டைச் சட்டமாக்கியதால், 2017 முதல் மருத்துவச் சேர்க்கையில் நம் சட்டம் செல்லாக்காசாயிற்று. 2021இல் நிறைவேற்றிய விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் பேரவை மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில்தான் பேரவையில் அறிவிக்கப்பட்டது.

காடு பொதுப்பட்டியலுக்குப் போனதில் நன்மை உண்டு என்பேன். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அது வழிவிட்டது. மாநில எல்லையோடு காடு முடிவதில்லை. பள்ளிக்கூடம் அப்படியல்ல, எந்த ஊரில் எந்தப் பிள்ளை முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறது என்பது மாநில அரசுக்குத்தான் தெரியும்.

ஜனதா ஆட்சி 1978இல் 44ஆவது திருத்தத்தால் நெருக்கடி நிலையின் பல தவறுகளைச் சரிசெய்தது. ஆனால் கல்வி மாநிலப் பட்டியலுக்குத் திரும்பவில்லை. அதை மீட்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் பாதி மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இன்றைய கணக்கில் கடினம்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை, 254இன் கீழ் போகும் மசோதாவுக்கு ஒரு காலக்கெடுவாவது வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் கருத்துச் சொல்லிவிட்டது. ஆகவே அதை அரசமைப்பிலேயே எழுதச் சொல்லி நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா கொண்டுவரட்டும்.