ஏலம் விடுறவனே என் பாக்கெட்டுல கையை விட்டு ஏலம் கேட்டா என்ன பண்றது?

கிரைண்டர் பட்டறை வெச்சிருக்கிற ஒரு அண்ணனுக்கு இன்டர்நெட் தேடுதளத்துல விளம்பரம் ஓட்டிக் குடுக்குறது நான். அங்க யார் விளம்பரம் வரணும்கிறது ஏலத்துலதான் முடிவாகும். திங்கக்கிழமை காலைல எட்டே முக்காலுக்கு அண்ணன் போன் பண்றாரு. "ஏம்மா, ரெண்டு நாள்ல ஆறாயிரம் பக்கம் போயிருக்குது, ஒரு கிரைண்டர் கூட போகலையே, என்னாச்சு?" கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மெதுவா கேட்டாரு. அது இன்னும் காதுலயே நிக்குது.

லேப்டாப்பைத் திறந்தேன். தினசரி பட்ஜெட் 1,500 ரூபாய்னு நானே என் கையால வெச்சிருக்கேன். சனிக்கிழமை தேடுதளக்காரன் 3,000 எடுத்திருக்கான். ஞாயித்துக்கிழமை 2,900. வெள்ளிக்கிழமை வரைக்கும் கிளிக்குக்கு 9 ரூபாய், 10 ரூபாய்னு ஒழுங்கா ஓடிட்டிருந்த விளம்பரம், இந்த ரெண்டு நாளும் 24 ரூபாய். நான் எதையுமே தொடலை! ஆடித் தள்ளுபடி நேரத்துல ஓடுற வண்டியை யாராவது தொடுவாங்களா?

மாற்றங்களோட பதிவைத் திறந்து பார்த்தா, சனிக்கிழமை விடிகாலைல மூணு வரி. மூணுலயும் "பரிந்துரை தானாகவே செயல்படுத்தப்பட்டது"னு இருக்கு. ஒண்ணு, நான் குடுத்த தேடல் வார்த்தையோட அர்த்தத்துக்கு மட்டும் விளம்பரம் காட்டுற எக்ஸாக்ட் மேட்ச் கீவேர்டுக்குப் பக்கத்துல, சம்பந்தம் இருக்குன்னு சிஸ்டம் நினைக்கிற எதுக்கும் காட்டுற பிராட் மேட்ச் கீவேர்டு சேர்த்திருக்கு. இன்னொண்ணு, கிளிக்குக்கு உச்சபட்சம் இவ்வளவுதான்னு நான் போட்ட பிட்டை, அதாவது ஏலத்துல நான் கேட்கிற விலையைத் தூக்கிட்டு, சிஸ்டமே விலை கேட்கும்னு மாத்தியிருக்கு. மூணாவது, நான் நிறுத்தி வெச்சிருந்த பழைய கீவேர்டுகளை எழுப்பி விட்டிருக்கு. இதுக்கு யார் டிக் போட்டது? அண்ணன். ஏன் போட்டாரு? அந்தத் தளத்துல இருந்து ஒரு பொண்ணு நேரா அவருக்கே போன் போட்டு, "சார், உங்க அக்கவுண்ட் ஸ்கோர் 71தான் இருக்கு, இந்தப் பெட்டியை டிக் பண்ணுங்க, 95க்கு மேல போயிடும்"னு சொல்லியிருக்கு. ஸ்கோர்னா மார்க்குன்னு நினைச்சுட்டாரு மனுஷன். ஆவாரம்பாளையத்துல முப்பது வருஷமா கல்லு கொத்தி மோட்டார் மாட்டுறவருக்கு, அந்த மார்க்கைப் போடுறதும் காசு வாங்குறதும் ஒரே ஆளுன்னு எப்படித் தெரியும்? அக்கவுண்டைப் பார்த்துக்கிறது நான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. சொன்னா நான் விடமாட்டேன்னு தெரியும்.

இப்ப அந்த 5,900 ரூபாய் எங்க போச்சுன்னு வரிவரியா பார்த்தேன். நீங்களும் பாருங்க.

நான் கேட்டது "வெட் கிரைண்டர் கோயம்புத்தூர்", "டேபிள் டாப் கிரைண்டர் 2 லிட்டர் விலை". அவன் காசு வாங்குன தேடல்கள்: ஆங்கிள் கிரைண்டர் டிஸ்க் 4 இன்ச். அது இரும்பு அறுக்குறது! காபிக் கொட்டை அரைக்கிற மெஷின். மிக்ஸி ஜார் பிளேடு. இலவச மிக்ஸி கிரைண்டர் எப்படி விண்ணப்பிப்பது. 2011ல ஆரம்பிச்ச அரசாங்கத் திட்டம் அது, இன்னும் அதைத் தேடுறவங்க இருக்காங்க, அவங்க மேல தப்பே இல்லை. ஆனா இலவசமா வேணும்னு தேடுறவங்ககிட்ட என் விளம்பரத்தைக் காட்டி 24 ரூபாய் வாங்குறியே, உனக்கு மனசாட்சி வேண்டாம்? அதுக்கும் கீழ, "இட்லி மாவு புளிக்க எவ்வளவு நேரம் ஆகும்". மாவு புளிக்க எட்டு மணி நேரம் ஆகும். அதைத் தெரிஞ்சுக்க வந்தவங்க தெரியாம என் விளம்பரத்தைத் தொட்டதுக்கு அண்ணன் ஏன் காசு கட்டணும்?

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்ச வரி. பாதிக் காசு போன இடம் ஒரே வரியில இருக்கு: மற்ற தேடல்கள். என்ன தேடல்? சொல்ல மாட்டான். கடைக்காரன் சீட்டுல "மற்ற சாமான் 3,000"னு எழுதிக் குடுத்தா வாங்கிட்டு வருவீங்களா?

245 கிளிக்குக்கு மூணு போன் வந்துச்சு. ஒருத்தர் வெல்டிங் பட்டறை, டிஸ்க் கேட்டாரு. ஒரு அம்மா, அரசாங்கம் குடுத்த கிரைண்டருக்கு பெல்ட் கிடைக்குமான்னு கேட்டாங்க. இன்னொருத்தர் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் வாடகைக்குக் கேட்டாரு. 5,900க்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 6,962. அண்ணன் சின்ன வியாபாரிங்களுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்துல இருக்காரு, அந்த வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஒரு ரெண்டு லிட்டர் கிரைண்டர் வித்தா அவர் கைல 350 ரூபாய் நிக்கும். அப்படின்னா இருபது கிரைண்டரோட லாபம் ஒரு சனி ஞாயித்துல போச்சு.

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். 47 நிமிஷம். முதல் ஆறு நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு தம்பி வந்தாப்ல. "மேடம், சிஸ்டம் இப்ப கத்துக்கிற கட்டத்துல இருக்கு, ரெண்டு வாரம் எதையும் மாத்தாதீங்க." ஏப்பா, அது யார் காசுல கத்துக்குது? "மேடம், டேட்டா வந்தாத்தான் கத்துக்க முடியும்." ஆங்கிள் கிரைண்டரும் மாவு கிரைண்டரும் வேறன்னு தெரிய எத்தனை ரூபாய் டேட்டா வேணும்? "மேடம், உங்க பட்ஜெட் குறைவா இருக்கு, அதனாலதான் சீக்கிரம் கத்துக்க முடியலை. 2,400 ஆக்கினா நல்லா வரும்." நான் திரும்பக் கேட்டேன், 1,500னு போட்டதுக்கு 3,000 எப்படி எடுத்தீங்க? "மேடம், அது சராசரி பட்ஜெட். ஒரு நாளைக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம், மாசத்துக்குப் பார்த்தா சமமாயிடும்." மாசம்னா எத்தனை நாள்? "30.4 நாள் மேடம்." அப்படின்னா 45,600 ரூபாய் வரைக்கும் எடுப்பீங்க? "ஆமாங்க மேடம்." அண்ணன் ஆடி பதினெட்டு வரைக்கும்தான் விளம்பரம் ஓட்டச் சொன்னாரு, மாசக் கணக்கு அவருக்கு எதுக்கு? "மேடம், லைன்ல இருங்க." மறுபடியும் பாட்டு. அந்தத் தம்பியைத் திட்டி என்ன ஆகப்போகுது, எழுதிக் குடுத்ததைப் படிக்கிற பையன். பணம் திரும்பக் கிடைக்குமான்னு கேட்டதுக்கு, "அனுமதி உங்க பக்கம் இருந்து குடுத்திருக்காங்க மேடம்"னு முடிச்சுட்டாப்ல.

எனக்கு எரியுறது அந்த ஆறாயிரத்துக்கு மட்டும் இல்லை. இந்தத் தொழில் ஆரம்பிச்சப்ப எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பார்க்கிறேன். 1998ல அமெரிக்காவுல பில் கிராஸ் ஆரம்பிச்ச கோடூ தேடுதளத்துல, ஒரு வார்த்தைக்கு யார் எத்தனை சென்ட் கேட்டிருக்காங்கன்னு முடிவுக்குப் பக்கத்துலயே போட்டாங்க. யாரு வேணா பார்க்கலாம். 2002ல கூகுள் கிளிக்குக்குக் காசுங்கிற ஏலத்துக்கு வந்தப்ப, நீ எவ்வளவு உசத்திக் கேட்டாலும் உனக்கு அடுத்து நிக்கிறவனைத் தாண்டத் தேவையானதைக் கட்டினா போதும்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் சின்னச் சின்னக் கடைக்காரங்க எல்லாம் உள்ள வந்தாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு கதவா சாத்துனாங்க. 2017 அக்டோபர்ல தினசரி பட்ஜெட்டோட ரெண்டு மடங்கு வரைக்கும் எடுக்கலாம்னாங்க. 2018ல, எக்ஸாக்ட் மேட்ச்னா அதே வார்த்தைன்னு அர்த்தம் இல்லை, அதே அர்த்தம் வந்தா போதும்னாங்க. எந்த இடத்துல என் விளம்பரம் நிக்குதுன்னு காட்டுன சராசரி இடத்தை 2019ல எடுத்தாங்க. 2020 செப்டம்பர்ல, நிறைய பேர் தேடாத தேடல் சொற்களை மறைச்சாங்க. 2021ல பிராட் மேட்ச் மாடிஃபையரும் போச்சு, கூட்டல் குறி போட்டு இந்த வார்த்தை கட்டாயம் வரணும்னு சொல்ற வசதி எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான். ஒருத்தர் செஞ்சா அடுத்தவங்களும் பின்னாடியே வர்றாங்க. எந்தத் தளத்துல ஓட்டுனாலும் கடைசியில இதே கதைதான்.

இது நம்ம சந்தேகம்னு நினைச்சுட்டு இருந்தவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2023 செப்டம்பர்ல கூகுள் மேல அமெரிக்க அரசு போட்ட வழக்குல, அந்த கம்பெனி விளம்பரப் பிரிவுத் தலைவர் ஜெர்ரி டிஷ்லர் கூண்டுல நின்னு சொன்னாரு: ஏலத்துல மாத்தி மாத்தி 5 சதவீதம், சில தேடலுக்கு 10 சதவீதம் வரைக்கும் கூட விலையை ஏத்தியிருக்கோம், விளம்பரதாரர்கிட்ட அதைச் சொல்றது வழக்கம் இல்லைன்னு. 2024 ஆகஸ்ட் 5ல நீதிபதி அமித் மேத்தா குடுத்த தீர்ப்புல விலையை ஏத்துற அந்தத் திருகாணிகளுக்குப் பேரோட விவரம் இருக்கு. ஒண்ணுக்கு ஸ்குவாஷிங்னு பேரு. ரெண்டாவது நிக்கிறவனோட பலத்தைக் கணக்குல கூட்டிக் காட்டுனா, முதல்ல நிக்கிறவன் அவனைத் தாண்ட அதிகம் கட்டணும். நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து பிட்டை 50 பைசா குறைச்சுக் குறைச்சுப் பார்த்த வருஷங்கள் எல்லாம் ஞாபகம் வந்து வயிறு எரிஞ்சுது.

எங்க அப்பா மஞ்சள் கொண்டுட்டு ஈரோடு போவாரு. வியாபாரிங்க விரலியை ஒடிச்சுப் பார்ப்பாங்க, விலை சொல்வாங்க, பிடிக்கலைன்னா அப்பா மூட்டையைக் குடோன்லயே வெச்சுட்டுப் பஸ் ஏறிடுவாரு. ஏலம் நடத்துறவங்க ஒரு நாளும் வியாபாரியோட பையில கையை விட்டு, "உங்களுக்காக நானே கேட்டுக்கிறேன், நீங்க வீட்டுக்குப் போங்க"ன்னு சொன்னதில்லை. இங்க அதான் நடக்குது. விக்கிறதும் அவன், எனக்காக விலை கேட்குறதும் அவன், எது அதே அர்த்தம்னு தீர்மானிக்கிறதும் அவன். அதுக்குத் தானியங்கி பிட்னு பேரு வெச்சு, நம்ம நல்லதுக்குங்கிறான்.

எல்லாத்தையும் அணைச்சேன். டிக்கை எடுத்தேன், இந்த வார்த்தை வந்தா விளம்பரம் காட்டாதேன்னு சொல்ற நெகட்டிவ் கீவேர்டு 140 போட்டேன், ஆங்கிள், டிஸ்க், காபி, இலவசம், புளிக்க, எல்லாம். அண்ணன்கிட்ட, இனி யார் போன் பண்ணி ஸ்கோர்னு சொன்னாலும் என்கிட்ட குடுங்கன்னு சொல்லிட்டேன். "சரிம்மா"ன்னாரு. பாவம்.

அப்பத்தான் பட்டறை போன்ல ஒரு மிஸ்டு கால் பார்த்தோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏழேகாலுக்கு. கூடவே ஒரு மெசேஜ். கரூர்ல ஹோட்டல் வெச்சிருக்காங்களாம், பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் ரெண்டு வேணுமாம். அந்த ரெண்டு நாள்ல வந்த ஒரே உருப்படியான ஆள்! அண்ணன் உடனே திருப்பிக் கூப்பிட்டாரு. போகலை. நேத்து ராத்திரியோட ரீசார்ஜ் முடிஞ்சுதாம். போட்டு இன்னும் ஒரு மாசமே முடியலையேன்னு அவர் என்னைப் பார்க்கிறாரு. இந்த போன் கம்பெனிக்காரனுக்கு மாசம் 28 நாள். வருஷத்துக்குப் பதிமூணு தடவை காசு. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒண்ணாவது வெக்கணும்னு 2022லயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் சொல்லியாச்சு, ஆனா கடைல கேட்டா நீட்டுறது 28 நாள்தான். காசு எடுக்கிறவனுக்கு மாசம் 30.4 நாள், காசு வாங்கிட்டுப் பேச விடுறவனுக்கு 28 நாள்! என் போன்ல இருந்து கரூருக்குக் கூப்பிட்டேன். நேத்தே வேற இடத்துல சொல்லிட்டோம்மான்னாங்க.