ஜிப்பாவுக்கு 8 வெள்ளி கூட

(மலேசியாவின் பினாங்கு லிட்டல் இந்தியாவில் ஒரு தையல் கடை. இங்கே வெள்ளி என்றால் ரிங்கிட். தீபாவளி நெருங்குகிறது. டைலர் ராஜுவுக்கு மூச்சு விட நேரமில்லை. பேச மட்டும் இருக்கிறது. வந்திருப்பவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மணியம். உயரத்தில் சிக்கனம், அகலத்தில் தாராளம்.)

மணியம்: என்ன ராஜு, 48 வெள்ளி எழுதியிருக்க? போர்டுல 40தானே?

ராஜு: அது சாதா சைஸுக்குண்ணே. உங்களுக்கு 8 கூட.

மணியம்: துணி நான் கொண்டாந்தது. உனக்கென்ன நட்டம்?

ராஜு: நூலு, நேரம். உங்க ஜிப்பாவுக்குக் கீழ்மடிப்பு ஒரு சுத்து தைச்சு முடிக்கிறதுக்குள்ள என் தே தாரிக் டீ ஆறிப்போயிடுது.

மணியம்: அகலத்துக்குக் கூட்டுறியே, உயரத்துக்குக் குறைச்சியா? நான் அஞ்சடி ஒண்ணுப்பா!

ராஜு: (டேப்பை வைத்துப் பார்த்து) அட, ஆமா. 2 வெள்ளி கழிச்சுக்கிறேன்.

மணியம்: காசுக்காகச் சொல்லல. (காசுக்காகத்தான்.) உடம்பைப் பார்த்து விலை போடறது அநியாயம். ஆம்பள பொம்பளன்னு பிரிச்சு இன்சூரன்ஸ் பிரிமியம் வாங்கக் கூடாதுன்னு ஐரோப்பாவுல 2011லயே கோர்ட்டு சொல்லிடுச்சு.

ராஜு: சமோவா ஏர்னு ஒரு பிளேன் கம்பெனி 2013ல ஆளை எடை போட்டு டிக்கெட் வித்துச்சே. கிலோவுக்கு இவ்வளவுன்னு.

மணியம்: அது என்ன, கோழிக் கடையா?

ராஜு: எனக்குப் பிடிச்சுதுண்ணே. நான் 52 கிலோ. மத்த பிளேன்ல என் பை அளவுக்கு மேல 1 கிலோ போனா காசு கேக்குறான். பக்கத்து சீட்டுல 110 கிலோ ஆளு ஒண்ணும் கூடக் கட்டாம, என் கைப்பிடியையும் சேர்த்து எடுத்துக்கிறாரு.

மணியம்: பை நீ விரும்பித் தூக்கிட்டு வர்றது. உடம்பு அப்படியா?

ராஜு: ராத்திரி பதினோரு மணி நாசி கண்டார் சோறு மட்டும் விரும்பாமலா உள்ள போகுது?

மணியம்: எங்கப்பாவும் இதே சைஸுதான்பா. அவரு காலத்துல நாசி கண்டார் வாங்கக் கையில காசே கெடையாது.

ராஜு: சரி. எங்கக்காவுக்கு பாலிசி போட்டீங்களே, எடை கூடன்னு பிரிமியத்தை ஏத்துனது யாரு?

மணியம்: அது... லோடிங். கம்பெனி ரூல். ரிஸ்க்கு கூடல்ல?

ராஜு: இதுவும் லோடிங்தான். நூலு கூடல்ல?

(மணியம் நாற்காலி தேடுகிறார். அதுவும் ஒல்லி நாற்காலிதான் கிடைக்கிறது.)

மணியம்: ஏன், எல்லாருக்கும் ஒரே விலை வச்சா என்னவாம்?

ராஜு: வைக்கலாமே. ஆளுக்கு 44. உங்க நூலுக்கும் சேர்த்து ஒல்லியா இருக்கிறவங்க கட்டுவாங்க. நாளைக்கு உங்க தம்பி அளவு குடுக்க வர்றாரு. சட்டைக்குள்ள ஆளைத் தேடணும். அவருக்கு 4 வெள்ளி ஏறும், பாவம் இல்லயா?

மணியம்: அவனா? போன தீபாவளிக்கு வாங்குன 50 வெள்ளிய இன்னும் தரல. எழுதுப்பா 44!