மருந்துக் கடைக்குப் போகும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களின் காசு அதிகம் கரைவது விதையிலோ தொட்டியிலோ இல்லை, அவசரத்தில் வாங்கும் பாட்டில்களில்தான். இலை சுருண்டால் ஒரு பாட்டில், பூ உதிர்ந்தால் ஒரு பாட்டில், செடி மஞ்சளடித்தால் இன்னொன்று. செடிக்கு என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமலே மருந்து வீட்டுக்கு வந்துவிடுகிறது. கீரையும் கறிவேப்பிலையும் பறித்துச் சமைக்கிற இடத்தில் இப்படி அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி சமீபத்தில் கேட்டாள்: "ஏனுங்க்கா, மொளகாச் செடியெல்லாம் சுருண்டு போச்சுங்க, என்ன மருந்துங்க அடிக்கறது?" இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். அது அவளுக்குத் தெரியவில்லை. மிளகாய்க்கு முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். விளிம்பு மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கியிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, இலை குறுகிக் கிடந்தால் சிலந்திப்பேன். இரண்டும் வேறு வேறு உயிர்கள்: இலைப்பேன் பூச்சி, சிலந்திப்பேன் சிலந்தி இனம். பூச்சிக்கு அடிக்கும் பல மருந்துகள் சிலந்திப்பேனிடம் எடுபடாது. மாற்றி அடித்தால் காசும் போச்சு, செடியும் போச்சு.

சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, அதன்மேல் கொழுந்தைத் தட்டுங்கள். இலைப்பேன் இருந்தால் மயிரிழை நீளத்துண்டாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஊர்ந்து ஓடும். பார்த்துவிட்டால் மோசமான நுனிகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், அது கரைய நாலு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் தெளிப்பு. ஆரம்பத்திலேயே பிடித்தால் இதுவே போதும், சிலந்திப்பேனுக்கும் இதேதான். ஆனால் இலையெல்லாம் சிறுத்து, மஞ்சளாகி, கொத்தாகக் கூடிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரியும் தேமல் நோயும் அப்படித்தான். இரக்கம் பார்க்காமல் பிடுங்கிவிடுங்கள், மற்ற செடிகள் பிழைக்கும்.

மாவுப்பூச்சி கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2008-ல் எங்கள் கோவைப் பக்கம்தான் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எல்லாம் வெள்ளை பூத்து நின்றன. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தும் அடங்கவில்லை. அந்தப் பூச்சியின் உடம்பில் இருக்கும் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. கடைசியில் அடக்கியது எது தெரியுமா? 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து வளர்த்து விடப்பட்ட அசெரோபேகஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுதான் அது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளேயே தின்று வளரும். ஓரிரு ஆண்டில் பப்பாளித் தோட்டங்கள் மூச்சு விட்டன. கடுமையான பூச்சிமருந்து அடிக்கும்போது நாம் முதலில் கொல்வது இந்த மாதிரிக் குளவிகளைத்தான்.

அதனால் செம்பருத்தியில் வெள்ளை தெரிந்தால் குழாயை வேகமாகத் திறந்து அடித்துக் கழுவுங்கள். முற்றிய கிளையை வெட்டி சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். கூடவே எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பக்கத்துச் செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். சுவரைத் தொடும் கிளையை நறுக்கி எறும்பின் பாதையை அறுத்தாலே பாதி வேலை முடிந்தது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரத்தடியில் இருக்கும் செடிகளின் இலையெல்லாம் கரி பூசியது போல் கறுத்துப் போனால் அது செடியின் நோய் அல்ல. மேலே ஓலையின் அடியில் சுருள் வெள்ளை ஈ இருக்கிறது, அது சொட்டும் இனிப்பில் வளரும் பூசணம்தான் அந்தக் கருப்பு. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்தது இது. இதற்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது, மருந்தடித்து அதை அழித்துவிடாதீர்கள். மஞ்சள் பிளாஸ்டிக் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ ஒட்டிக்கொள்ளும். கறுத்த இலைமேல் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய கஞ்சியைத் தெளித்தால், காய்ந்து உரியும்போது கருப்பையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும்.

அடுத்தது "பூ நிறைய வருது, காய் நிக்கல" என்ற புலம்பல். சுரை, பீர்க்கு, பூசணியில் முதலில் வருவதெல்லாம் ஆண்பூ, அது உதிரத்தான் செய்யும். பெண்பூவின் அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். அது மஞ்சளாகி விழுந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். பூசணிக்கு விடிகாலை. சுரைக்கும் பீர்க்குக்கும் சாயங்காலம், ஏனென்றால் அவை அப்போதுதான் விரியும். இதற்குப் போய் "பூஸ்டர்" வாங்குவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்து ராத்திரியோடு மொட்டையானால், இலைமேல் காக்காய் எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அது எச்சம் அல்ல, வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தபின் பச்சையாகிவிடும், தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சள் கொம்பு நீட்டும். கையால் எடுத்தால் தீர்ந்தது. செடி பெரிதாக இருந்தால் நான் இரண்டு மூன்றை விட்டுவைப்பேன், வண்ணத்துப்பூச்சியும் வேண்டுமே.

தக்காளியின் அடி கறுத்து அமுங்கினால் முட்டை ஓட்டைப் போடச் சொல்லி எத்தனையோ வீடியோக்கள். ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்காகும், அதற்குள் காய்ப்பே முடிந்துவிடும். பெரும்பாலும் குறை சுண்ணாம்புச் சத்தில் அல்ல, ஒருநாள் காயவிட்டு ஒருநாள் மூழ்கடிக்கும் தண்ணீரில். தினமும் அளவாக ஊற்றி, மண்மேல் சருகு மூடாக்குப் போடுங்கள்.

சருகு என்றதும் கோபம் வருகிறது. தெருவில் வேப்பிலையையும் புங்க இலையையும் கூட்டிக் கொளுத்திவிட்டு, அதே கையோடு பையில் அடைத்த மண்புழு உரம் வாங்குகிறோம். உரக்குழி நாறுகிறது என்பவர்கள் சமையலறைக் கழிவை மட்டும் கொட்டுகிறார்கள். ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால் மேலே இரண்டு பங்கு சருகு போடுங்கள், நாற்றம் போய்விடும். பக்கத்தில் தென்னை இருந்தால் குழியை அவ்வப்போது கிளறுங்கள். கட்டைவிரல் தடிமனில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு, தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் குஞ்சாக இருக்கலாம். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகட்டும், அந்தக் காலத்தில் கொல்லையில் வாழை வைத்ததே அதற்காகத்தான். ஆர்.ஓ. மெஷின் கழிக்கும் தண்ணீரைத் தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றாதீர்கள், உப்பு ஏறும். தொட்டிக்கடித் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு வரும்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் காலடியில் கிடக்கிறது. பொறுக்கிச் சதையை நீக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம், ராத்திரி ஊறவைத்து வடிகட்டித் தெளித்தால் அதுதான் வேப்பங்கொட்டைச் சாறு. கடைக் காசு மிச்சம்.

விதையும் அப்படித்தான். ஹைப்ரிட் காயின் விதை தாயைப் போல வராது, நாட்டு ரகத்தில் எடுங்கள். தக்காளி விதையைச் சதையோடு பிழிந்து இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் காயவைத்தால் வழவழப்பு போய் விதை சுத்தமாக இருக்கும். என்னிடம் இப்போது நாட்டுச் சுரையும் குண்டுப் பீர்க்கும் கைநிறைய இருக்கிறது. ஆடிப்பட்டத்துக்கு வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், அனுப்புகிறேன். செடியில் ஏதாவது தொல்லை என்றாலும் படம் போடுங்கள், இலையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து.