இ.இ.சி.பி. அடைப்பைக் கரைக்காது

‘காலில் பட்டை கட்டி அழுத்தினால் இதய அடைப்பு கரைந்துவிடும், மாத்திரையும் பைபாஸும் வேண்டாம்’ என்று இ.இ.சி.பி. (EECP) என்ற சிகிச்சையைப் பற்றித் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கரையாது. கெண்டைக்கால், தொடை, இடுப்படியில் கட்டிய பட்டைகள், இ.சி.ஜி.யின் கணக்குப்படி, இதயம் தளர்ந்து விரியும் நேரத்தில் கீழிருந்து மேலாகக் காற்றடைத்து உப்பிக் காலை அழுத்துகின்றன. இதயத் தசைக்கு ரத்தம் அதிகம் பாய்வது அப்போதுதான். அடுத்த துடிப்புக்குச் சற்று முன் எல்லாம் ஒருசேரத் தளர, இதயத்தின் சுமை குறைகிறது. அவ்வளவுதான் வேலை.

வழக்கமாக 7 வாரங்களில் 35 மணி நேரம். மருந்து சாப்பிட்டும் நெஞ்சுவலி அடங்காத, ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்ய இயலாத பலருக்கு வலி வருவது குறைகிறது. சிறிய பலனல்ல. ஆனால் ஆயுளைக் கூட்டும் என்று நிரூபிக்கப்படவில்லை. மாத்திரையை நிறுத்தவும் கூடாது. பெருந்தமனி வீக்கம், கடுமையான வால்வுக் கசிவு, காலில் ரத்தக்கட்டி உள்ளவர்களுக்கு இது ஆகாது.

தொண்டியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வாரம் 5 நாள் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கிடுங்கள். விளம்பரத்தில் அது வராது.

கரைவலை இழுக்கும்போது வந்த நெஞ்சுவலி, உட்கார்ந்த பின்னும் நிற்கவில்லை என்றால் இ.இ.சி.பி.யைப் பற்றி யோசிக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.